ஏற்காட்டு முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் சேலத்துப் பிள்ளைகளும் சேர்வராயன் மலைப் பிள்ளைகளும் ஏற்காட்டில் ஒன்றாகத் தங்கிப் படித்த முகாம் நல்லபடியாக முடிந்தது.

முதல் நன்றி மலைக் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு. "மலைக்காரப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்ற பேச்சைக் கேட்டே கீழே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கோ, டவுன் பசங்க கிண்டல் பண்ணுவாங்க என்ற பயம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் இது போய்விடாது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது அடிதடிதான் நடந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அங்கே பாடத்தைப் பிரித்து ஆளுக்கொரு பகுதியாகக் கொடுத்தார். மற்றவன் சொன்னால்தான் மீதி தெரியும் என்றானதும், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

இங்கேயும் அப்படித்தான் செய்தோம். சாமையைக் குத்திப் புடைப்பது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி என்று ஆளுக்கொன்று. வாயே திறக்காமல் இருந்த ஒரு மலைப் பையன், பாட்டியிடம் கேட்டு வந்த சாமைக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் டவுன் பிள்ளைகள் நோட்டும் கையுமாக, "மெதுவா சொல்லு, எழுதணும்" என்றார்கள். அந்தப் பாட்டிமார் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

அப்புறம், தலைமையாசிரியை அம்மாவுக்கு. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. மலை, டவுன் என்ற பேதத்தைவிடச் சாதிப் பேதம் ஆழமானது என்பது என் எண்ணம். டவுன் பிள்ளைகள் சிலர் கையிலும் அந்தக் கயிறு இருந்தது. அம்மா அதட்டவில்லை, உட்கார்ந்து பேசினார். பிள்ளைகளே கழற்றினார்கள். சாப்பாட்டிலும் ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு அதே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள்.

சமைத்துப் போட்ட அக்காக்களுக்கும் வேன் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று போனில் கேட்டுவிட்டு, யோசித்து, மகளை அனுப்பிவைத்த அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு நன்றி. அவர் எடுத்த முடிவு சின்னதல்ல.

பொங்கல் விடுமுறையில் மலைப் பிள்ளைகள் சேலம் வருகிறார்கள். இந்த முறை விடுதி வேண்டாம், வீடுகளில் தங்கட்டும் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டில் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
முகாம் ஒருங்கிணைப்பாளர்