செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: ஓநாய்க் காட்டில் நம் நாய்கள்

நாய்களை வைத்து மலைச்சிங்கம் (பூமா) வேட்டையாடும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் மே மாதச் சேற்றில் வண்டி ஓட்டி வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை உறுப்பினர் எண்ணிக்கையில் தொடங்கிக் கோடை விருந்தில் முடியும். இந்த முறை வரிசையை மாற்றியிருக்கிறேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் வெஸ்ட் ஃபோர்க் பக்கம் ஒரு நாயை ஓநாய்களுக்குப் பறிகொடுத்தோம். அது என் நாய். அவிழ்த்துவிட்டதும் நான்தான். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். இதுவரை ஊருக்குள் உலவிய கதைகளில் ஓநாய்களின் எண்ணிக்கை பதினொன்று வரை போய்விட்டது.

அன்று அதிகாலை நான்கு அங்குலப் புதுப்பனி. சாலையின் குறுக்கே ஒரு பெரிய மலைச்சிங்கத்தின் தடம். நகம் பதியவில்லை, குதிகால் மெத்தையின் மூன்று மேடும் தெளிவாக விழுந்திருந்தன. நம் ஆட்களுக்கு அதைப் பார்த்ததும் கை தானாக நாய்க்கூண்டின் தாழ்ப்பாளுக்குப் போய்விடும். ஓடையின் கீழ்முனைச் சாலையை ஆறு மைல் தூரம் ஊர்ந்து ஓட்டிப் பார்த்திருந்தேன். ஓநாய்த் தடம் இல்லை. மேல்முனைக் கணவாய்க்குப் போகும் பாதை பனி மூடிக் கிடந்தது. பனிவண்டியை இறக்கி அதையும் பார்த்து வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதற்குள் வெயில் ஏறித் தடத்தின் வாடை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாய்களை அவிழ்த்தேன்.

ஒன்றேகால் மணி நேரத்தில் மூன்றும் சிங்கத்தை மரத்தில் ஏற்றிவிட்டன. நாயின் கழுத்துப் பட்டையிலிருக்கும் ஜிபிஎஸ் இரண்டரை விநாடிக்கு ஒரு முறை நாய் நிற்கும் இடத்தைக் கைக்கருவிக்கு அனுப்புகிறது; நாய் மரத்தடியில் நின்று குரைத்தால் அதற்கென்று ஒரு குறியும் திரையில் வரும். நானும் கூட வந்த நண்பரும் பனிக்காலணி கட்டி ஏறிக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் மூன்று குறிகளும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு ஒன்று சரேலென்று சரிவில் இறங்கியது. இன்னொன்று எங்களை நோக்கி வந்தது. மூன்றாவது முந்நூறு கஜம் தள்ளிப் போய் நின்றது. அதற்கப்புறம் அது அசையவே இல்லை.

ரூபிக்கு ஆறு வயது, ட்ரீயிங் வாக்கர் இனத்துப் பெட்டை. இந்தக் கூடத்துக்கு வெளியே வண்டிகளில் காத்திருக்கும் நாய்களில் நான்கைந்துக்கு அவள் தாய். ஐந்து ஓநாய்களின் தடம் கணவாய் வழியாக, ஐடஹோ பக்கமிருந்து, ஒன்றின் அடியில் மற்றொன்று கால் வைத்து ஒற்றை வரிசையாக இறங்கியிருந்தது. நான் பார்க்காமல் விட்ட பாதை அது. மலைச்சிங்கம் அதே ஃபர் மரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. நாய்கள் போய், ஓநாய்கள் போய், நாங்கள் வந்த பிறகும் அது இறங்கவில்லை. மற்ற இரண்டு நாய்களும் பிழைத்தன. ஒன்றுக்குத் தொடையில் கடி.

"துப்பாக்கி கையில் இருந்ததே, சுட்டிருக்கலாமே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மொன்டானாவில் நாயைத் தாக்கும் ஓநாயைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. 72 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் நாம் மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது அங்கே சுடுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. இருந்தாலும் நாய்களோடு பின்னிப் புரள்கிற கூட்டத்துக்குள் யார் குறி பார்ப்பது?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஓநாய் பெரும்பாலும் நாயைத் தின்பதற்காகத் தேடி வருவதில்லை. தன் எல்லைக்குள் நுழைந்த வேறொரு கூட்டமாகத்தான் நாயைப் பார்க்கிறது. தன் இனத்து அந்நியனையே கொல்லும் பிராணி நாயை விட்டுவைக்குமா? பிப்ரவரி அவற்றின் இணைசேரும் காலம், அப்போது எல்லைச் சண்டை இன்னும் சூடாக இருக்கும். அந்த மாதத்தில் ஒரே இடத்தில் நாய்களை மணிக்கணக்காகக் குரைக்க விடுவது, அவற்றின் எல்லைக்குள் போய்த் தண்டோரா போடுவதற்குச் சமம். மலைச்சிங்கம் அடித்து மூடி வைத்த மானும் ஓநாய்களை இழுக்கும், சிங்கத்தை விரட்டிவிட்டு அவை தின்னும். தடத்தின் போக்கில் அண்டங்காக்கைகள் வட்டமிட்டால் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் நம் அப்பாக்கள் நாய் ஓட்டிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து கொண்டுவந்த ஓநாய்களில் நான்கை ஐடஹோவின் சால்மன் ஆற்றங்கரையில் கார்ன் க்ரீக்கில் திறந்துவிட்டார்கள். நம் முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் அது. மொன்டானாவின் வடமேற்கில் அதற்கு முன்பே கனடாவிலிருந்து தாமாகவே நடந்து வந்தவையும் உண்டு. 2011-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, வேட்டைப் பருவமும் வந்தது. இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 1,100 என்பது துறையின் மதிப்பீடு. ஓநாய் வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்தச் சங்கத்துக்கு ஒருமித்த கருத்து கிடையாது, வரப்போவதும் இல்லை. அவை இங்கே இருக்கின்றன என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

மார்ச் கூட்டத்தில் காரசாரமாகப் பேசி எடுத்த முடிவு: ஓடையின் இரு முனைகளையும் பார்க்காமல் நாயை அவிழ்ப்பதில்லை. ஒரு முனையை நாம் பார்க்க முடியாவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் உறுப்பினருக்குத் தொலைபேசியில் கேட்போம். யாரும் பார்க்கவில்லை என்றால் அன்று அந்த ஓடை இல்லை. தடம் பழசாக இருந்தால் கயிற்றில் பிடித்தபடியே நடந்து, புதுசாகும்வரை போன பிறகே அவிழ்க்க வேண்டும். நாய் தனியாக ஓடும் தூரத்தைக் குறைப்பதுதான் நோக்கம். மதியத்துக்கு மேல் அவிழ்ப்பு கிடையாது. இருட்டிய பிறகு காட்டில் நாய் தங்கும் பேச்சுக்கே இடமில்லை. தனி ஆளாகப் போகக் கூடாது; ஒருவர் ஏறும்போது இன்னொருவர் வண்டியோடு சாலையில் இருந்தால், அடுத்த ஓடைக்கு இறங்கும் நாயை அவர் பிடித்துக்கொள்ளலாம்.

எத்தனை நாய் என்பதில் முடிவு எட்டவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் ஆறு நாய் இருந்தால் ஓநாய் யோசிக்கும் என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆறு நாய் ஓடினால் அதில் பின்தங்கும் ஒன்று எப்போதும் இருக்கும், அதுதான் மாட்டும். அவர் அனுபவம் என்னுடையதைவிட இருபது வருடம் கூட. ஆகவே இரண்டு கருத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

கருவிகளைப் பற்றி: ஜிபிஎஸ் பட்டை வாங்கினால் பாதி பயம் தீர்ந்தது என்று நானே இரண்டு வருடம் முன்பு இதே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். நாய் எங்கே என்று திரை சொல்லும். அதை நோக்கி யார் வருகிறார் என்று சொல்லாது. சுவீடனிலும் ஃபின்லாந்திலும் மூஸ் மான் வேட்டை நாய்களுக்கு ஓநாய்க் கடியைத் தடுக்கும் முள் கவசம் போடுகிறார்கள். நம் உறுப்பினர் ஒருவர் ஒன்றை வரவழைத்தார். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். 2000-ஆம் ஆண்டுத் தீயில் கருகி விழுந்து இன்றும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மரங்களுக்கிடையே அது மாட்டியது. ஈரப்பனி ஒட்டி உறைந்தது. செங்குத்தில் ஏறுகிற நாய்க்கு உடம்பு கொதித்தது. நம் சரிவுகளுக்கு அது ஒத்துவரவில்லை. கவசம் இப்போது அலுவலக அலமாரியில் இருக்கிறது. சமதளத்தில் நாய் ஓட்டுபவர் யாரும் கேட்டால் கொடுத்துவிடலாம்.

பணம் உருப்படியாகச் செலவானது கம்பி வெட்டும் கத்தரியில்தான். 2021 முதல் இந்த மாநிலத்தில் ஓநாய்க்குச் சுருக்குக் கண்ணி வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கண்ணிப் பருவமும் நம் நாய்ப் பருவமும் ஒரே குளிர்காலத்தில் வருகின்றன. நவம்பரில் பொறி வைக்கும் உறுப்பினர் ஒருவர் வகுப்பு எடுத்தார்: கால்பொறியின் இரு பக்க வில்களையும் சேர்த்து மிதித்துத் திறப்பது, பெரிய உடல்பொறியைக் கயிறு போட்டு இறுக்குவது, கண்ணிக் கம்பியை எந்த இடத்தில் வெட்டுவது. ஜனவரியில் அது கைகொடுத்தது. ப்ளாட் இனத்து வேட்டை நாய் ஒன்று கழுத்தில் கண்ணியோடு நின்றது. சங்கிலியில் கட்டிப் பழகிய நாய் என்பதால் இழுத்துப் போராடாமல் அப்படியே நின்றிருக்கிறது, அதனால் தப்பியது. குட்டிகளைக் கட்டிப் போட்டு வளர்ப்பதைக் குறை சொல்பவர்கள் கவனிக்க.

முதலுதவி மாலை ஒன்றும் நடத்தினோம். கால்நடை மருத்துவர் சொன்னதில் மூன்றை மட்டும் எழுதுகிறேன். காயம்பட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும், முதலில் வாய்க்கட்டு. ஓநாய்க் கடி வெளியே சின்னத் துளையாகத் தெரிந்தாலும் தோலுக்கடியில் சதை நசுங்கியிருக்கும்; உப்புநீரால் கழுவுங்கள், தைத்து மூடாதீர்கள், அன்றே கொண்டுவாருங்கள். நம் பையிலிருக்கும் ஐபுப்ரோஃபெனை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, அது விஷம். என் இரண்டாவது நாயின் தொடை பிழைத்தது இந்த மாலையின் புண்ணியம்.

இழப்பீடு கோரி மாநில அவைக்கு எழுத வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. இங்கே கால்நடைக்கும் காவல் நாய்க்கும் கிடைக்கிற பணம் வேட்டை நாய்க்குக் கிடையாது. விஸ்கான்சினில் ஒரு வேட்டை நாய்க்கு 2,500 டாலர் வரை தருகிறார்கள். செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை முன்வைக்கிறேன். உறுப்பினர் என்ற முறையில் எதிர்த்து வாக்களிப்பேன். பொதுமக்கள் வாக்கெடுப்பு வைத்தே 1994-இல் ஆரிகனும் 1996-இல் வாஷிங்டனும் மலைச்சிங்க வேட்டையில் நாய்களைத் தடை செய்தன. கொலராடோவில் 2024 நவம்பரில் மலைச்சிங்க வேட்டையையே நிறுத்தக் கேட்ட வாக்கெடுப்பு தோற்றது, ஆனால் கேள்வி எழுந்தது எழுந்ததுதான். காட்டுக்குள் தெரிந்தே அவிழ்த்துவிட்ட நாய்க்கு ஊர்ப் பணம் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசியுங்கள். விஸ்கான்சினிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது வேறொன்று. நாய் கொல்லப்பட்ட இடத்தைச் சுற்றி எச்சரிக்கைப் பகுதி வரைந்து அங்கே துறையே வெளியிடுகிறது. நாமும் அப்படி ஒரு வரைபடத்தைத் தீவனக்கடைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். முதல் சிவப்புப் புள்ளி என்னுடையது.

மற்றவை சுருக்கமாக. சிங்கத்தைச் சுடுவதற்கான ஒதுக்கீடு முடிந்த பிறகும் ஏப்ரல் 14 வரை சுடாமல் நாய் ஓட்டும் பயிற்சிப் பருவம் இருந்ததால் பெரும்பாலானோர் சிங்கத்தை மரத்தில் ஏற்றிப் படம் எடுத்துவிட்டு வந்தார்கள். சுட்டவர்கள் 12 மணி நேரத்தில் துறைக்குத் தெரிவித்து, 10 நாளுக்குள் தோலும் மண்டையும் காட்டினார்கள், புகார் இல்லை. 2011-இல் தொடங்கிய எல்க் மான் ஆய்வின்போது இந்தப் பள்ளத்தாக்கில் நாய்களை வைத்து மலைச்சிங்கங்களின் மரபணு மாதிரி எடுத்தார்கள். எல்க் கன்றுகளை ஓநாயைவிட மலைச்சிங்கமே அதிகம் கொல்கிறது என்று தெரிந்ததும் அதே ஆய்வில்தான். அப்படி மீண்டும் கேட்டால் நாய் தரத் தயார் என்று துறைக்கு எழுதியிருக்கிறேன். கோடை விருந்து ஜூலையில். இறைச்சி யார் பொறுப்பு என்பது வழக்கம்போல் முடிவாகவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த டிசம்பர் 1 முதல் கணவாய்ப் பக்கம் விடியற்காலையில் பனிவண்டியில் போய்ப் பார்த்துத் தகவல் சொல்ல வாரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். முதல் வாரத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இன்னொன்றில் என் பெயரை எழுதிவிட்டேன். தாள் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செயலாளர்