வானொலியின் புது வேலை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள ராணி,

நாங்கள் சுகம். அங்கே குளிர் விட்டிருக்கும். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் ரோட்டில் ஒரு குருவியும் இல்லை. மாமியின் முழங்கால் அப்படியேதான். மகன் ஏ.எல். எழுதப் போகிறானாம், பார்ப்போம்.

உன் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததற்குத் திட்டாதே. "எங்கட கூட்டாளி 'வானொலி' டொக்டராகிவிட்டாளாமே, பைத்தியத்துக்குப் பார்க்கிறாளாமே" என்று இரண்டு வரியில் கேட்டுவிட்டாய். பதில் இரண்டு வரியில் வராது. பெரியக்காவின் கதையும் அதோடு பின்னிக் கிடக்கிறது. ஆறுதலாக இருந்து வாசி.

வானொலி டொக்டர் இல்லை. மருந்து வேண்டியவர்களை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவாள். அவள் உளவளத்துணையாளர், கவுன்சிலர் என்பார்களே, அது. பள்ளிக்கூடத்தில் ஓயாமல் பேசி 'வானொலி' என்று பட்டம் வாங்கிய அதே வாய், இப்போது ஒரு மணித்தியாலம் மூடிக்கொண்டு இருந்து கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறது. சிரித்து முடி, தொடர்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பாய் எண்ணிக் கொடுக்கத்தான் முதலில் போனாள். அப்போது மனசுக்கு ஆறுதல் தருகிறோம் என்று வந்து இறங்கிய கூட்டத்தை நீ பார்க்கவில்லை. காலையில் ஒரு வாகனம், பின்னேரம் இன்னொன்று. நாவலடியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை வட்டத்தில் இருத்தி, "நடந்ததைச் சொல்லுங்கள், அழுதால் பாரம் குறையும்" என்பார்கள். அவள் அழுது முடிய வாகனம் போய்விடும். மறுநாள் வேறு ஆட்கள், அதே கேள்வி. சின்னதுகளுக்குக் கடதாசி கொடுத்து அலை கீறச் சொல்வது இன்னொரு கூத்து. இப்படி ஒரே இருப்பில் கிளறிவிட்டுப் போவதால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும் என்று ஆராய்ச்சிகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன. அதைப் பிறகு படித்தபோது வானொலி பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது அதன் சாரம் மூன்றே சொல்தான்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார். சொல்ல வந்தால் கேள், தோண்டாதே. உறவோடும் உதவியோடும் சேர்த்துவிடு.

அந்தக் கோபத்தில்தான் கொழும்புக்குப் போய் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை டிப்ளோமா படித்தாள். திரும்பி வரும்போது கார்ல் ரோஜர்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் ரோஜர்ஸ்! பண்ணையில் வளர்ந்து, விவசாயம் படிக்கப் போய், பாதிரியாராகவும் பார்த்து, கடைசியில் உளவியலுக்கு வந்த அமெரிக்கர். அவர்கள் வீட்டு நிலவறையில் மாரிக்கு உருளைக்கிழங்கு சேர்த்து வைப்பார்களாம். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் தூரத்து ஜன்னலின் கொஞ்ச வெளிச்சத்தை நோக்கி வெளிறின முளையை நீட்டிக்கொண்டிருக்குமாம். மனிதரும் அப்படித்தான், வளரப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் கட்சி. வந்தவரை நிபந்தனை வைக்காமல் மதிப்பது, அவர் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது, துணையாளர் தான் நடிக்காமல் இருப்பது, இப்படிச் சில இருந்தாலே மாற்றம் வரும் என்று 1957இல் எழுதினார்.

எனக்கு இது கொஞ்சம் கூடிப்போனதாகவே படுகிறது. நுண்கடன்காரன் படலையில் வந்து நிற்கும்போது மதிப்பும் பரிவும் என்ன செய்யும்? வானொலியிடம் கேட்டேன். "அதுக்குத்தானே நான் பாதி நாள் மற்ற உத்தியோகத்தர்ட மேசைகளுக்கு நடக்கிறன்" என்றாள். பிரதேச செயலகத்தில் பலகை தடுத்த ஒரு அறை அவளுக்கு. இரண்டு பிளாஸ்டிக் கதிரை, நேருக்கு நேர் இல்லாமல் சற்றுச் சரிவாக. முகம் பார்க்க விருப்பமில்லாதவர் ஜன்னலைப் பார்க்கலாம். அழுகிறவர் கையில் உடனே கடதாசி லேஞ்சியைத் திணிக்க மாட்டாள், அது "அழுகையை நிறுத்து" என்று சொல்வதாகிவிடுமாம். மேசையில் இருக்கும், வேண்டியவர் எடுக்கட்டும்.

இனிப் பெரியக்கா. போர்க்காலத்தில் அத்தானைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது 1990இல், அதற்குப் பிறகு தகவலே இல்லை. நீ அறியாததா? அம்மா அவளை இழுத்துக்கொண்டு காளி கோயில்களில் வாக்குக் கேட்டு அலைந்ததும் தெரியும். "தண்ணி தாண்டி இருக்கிறான்" என்ற ஒரு வாக்கில் அக்கா அத்தனை வருடமும் ஓட்டினாள். போன வருடம் அத்தானின் தம்பி வந்து, காணி எழுத வேண்டும், மரணச் சான்றிதழ் எடு என்றான். அன்றோடு அக்காவின் பேச்சு நின்றது. நித்திரை இல்லை. ஒழுங்கையில் வாகனம் நின்றால் எழும்பிக் கதவடியில் போய் நிற்பாள்.

நான் வானொலியிடம் ஓடினேன். பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்! எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவள். "அதனாலதான் மாட்டன். உங்கட அம்மாவையும் அத்தானையும் எனக்குத் தெரியும். அக்கா சொல்லாததையும் நான் கேட்டுருவன். அக்காவும் நான் என்ன நினைப்பன் என்று பார்த்துத்தான் கதைப்பா" என்றாள். தெரிந்தவர்களை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் ஒழுக்கமாம். அக்காவும் "என்னகா, உன்ட கூட்டாளி என்னைத் தள்ளிவிட்டுட்டாளே" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் பேசின முழு வாக்கியம் அது.

வானொலி கைகாட்டிய மற்ற உளவளத்துணைப் பிள்ளை ஏறாவூர், முஸ்லிம். 1990 ஏறாவூரையும் விட்டுவைக்கவில்லை, அங்கே முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அக்கா போவாளோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனாள். பிள்ளை முதல் சந்திப்புகளில் அத்தானைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, ஃபான் போடவா. இரவில் நெஞ்சு படபடத்தால் காலைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக நீட்டி விட்டு, கண்ணில் படுவதைப் பெயர் சொல்லப் பழக்கினாள். இப்போது நடுச்சாமத்தில் குசினியில் இருந்து "திருவலை, சுளகு, உப்புச் சிரட்டை" என்று சத்தம் கேட்கும். முதல் நாள் நான் பயந்தே போனேன்.

அக்கா இரவில் அத்தானுக்கு ஒரு பங்கு சோறு எடுத்து மூடி வைப்பாளே, நாங்கள் எல்லோரும் அதற்காக அவளைக் கரிச்சுக் கொட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளை நிறுத்தச் சொல்லவில்லை. "அவருக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டாளாம். சுறாப்புட்டு என்றால் உயிர், கத்தரிக்காயைக் கண்டால் முகம் கோணும் என்று சொல்லி அக்கா சிரித்திருக்கிறாள். "காலையில அந்தச் சோத்தை யார் சாப்பிடுற?" "நான்தான், பழஞ்சோறாக." பிறகுதான் அழுதாளாம்.

இதற்கும் ஒருவர் வழி காட்டியிருக்கிறார். போலீன் பொஸ் என்ற அமெரிக்கப் பெண், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் துக்கம் உறைந்து நிற்கும், அது அந்த மனுசியின் பலவீனம் இல்லை என்கிறார். "முடித்துக்கொள்" என்று நெருக்கக் கூடாது. இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் கூடும் என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழகலாம். காணிக்கும் ஒரு வழி இருந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அக்கா அதற்கு விண்ணப்பித்துவிட்டாள். கையெழுத்து வைக்கும்போது கை நடுங்கவில்லை, நான் பக்கத்தில் நின்றேன். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில், கடைசியாக நடக்கும் குளிர்த்திக்கும் நின்றாள், வெள்ளைச் சேலையில்லை, அந்தப் பச்சை.

ராணி, உன் தம்பியைப் பற்றி நீ கனடா போனதிலிருந்து ஒரு சொல் எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை. உனக்கு இரவில் நித்திரை எப்படி என்று மட்டும் இப்போது கேட்கிறேன். ரொறன்ரோவில் தமிழில் பேசும் துணையாளர்கள் இருக்கிறார்களாம், வானொலி விசாரித்துத் தருகிறேன் என்கிறாள். உன்னையும் அவள் எடுக்க மாட்டாள், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். பதில் எழுதும்போது இந்தப் பந்தியைத் தாண்டிவிட்டு எழுதினாலும் கோபிக்க மாட்டேன்.

மாமியின் முழங்காலுக்கு நீ முன்பு அனுப்பிய அந்தப் பூசுமருந்து முடிந்துவிட்டது. யாராவது வந்தால் இரண்டு கொடுத்துவிடு. வானொலிக்கு அழைப்பதென்றால் எங்கள் நேரம் இரவு ஒன்பதுக்குப் பிறகு அழை, பகலில் எடுக்க மாட்டாள்.

உன்,
தேவி