விடியற்காலை மூன்றரை மணிக்கு நான் விமானம் ஓட்டவில்லை

அனுப்புநர்:
பயிற்சி விமானி (உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்),
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விமானிகளுக்கான லாக்புக் செயலி நிறுவனம்.

பொருள்: செயலியின் புதிய பதிப்பு என் பழைய பறப்புப் பதிவுகளை மாற்றிவிட்டது, பேக்கப்பிலிருந்து மீட்க முடியாதது, தவறாக அச்சிட்ட புத்தகம் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் பணம் கட்டிக் கேட்ட அச்சு லாக்புக், அதாவது என் பறப்புகளின் பதிவேடு, கூரியரில் வந்து சேர்ந்தது. அட்டை அருமை. பொன்னெழுத்தில் என் பெயர்கூடப் பிழையில்லாமல் இருக்கிறது. உள்ளே இருக்கிற கணக்குதான் என்னுடையது இல்லை.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை தனியாக விமானம் ஓட்டிய பறப்பு, அதாவது என் முதல் சோலோ, காலை 9 மணிக்கு. லாக்புக்கில் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதுகிறோம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே புறப்பாடு 03:30 என்று பதிந்தேன். உங்கள் புத்தகத்தில் அதே வரி முந்தின நாள் தேதியில், 22:00 என்று இருக்கிறது. நம் கடிகாரப்படி அது விடியற்காலை மூன்றரை. 'பகல்' கட்டம் காலியாகக் கிடக்க, 'இரவு' கட்டத்தில் அந்தப் பறப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் சோலோ போன ஓடுதளத்தில் விளக்கே கிடையாது. அப்படியே இருந்தாலும், முதல்முறை தனியாகப் போகிற மாணவனை எந்தப் பயிற்றுநராவது இருட்டில் அனுப்புவாரா?

காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன், உங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அண்மையில் வந்த புதிய பதிப்பு, ஏற்கெனவே யுடிசியில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை ஐந்தரை மணி கழித்திருக்கிறது. காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது என்பதால் எங்களுக்குப் பயிற்சி பெரும்பாலும் காலையில்தான். காலை ஆறரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் கிளம்பிய பறப்புகள் அத்தனையும் முந்தின நாள் இரவுக்குப் போய்விட்டன. வேடிக்கை என்னவென்றால், இரவுப் பயிற்சிக்காகவே வேறு விமான நிலையத்துக்குப் போய், மாலை ஏழரைக்கு மேல் சர்க்யூட் அடித்தவை (ஓடுதளத்தைச் சுற்றிவந்து இறங்கிப் பழகியவை) இப்போது பிற்பகல் இரண்டு மணிப் பறப்புகள். பகல் இரவாகவும் இரவு பகலாகவும் இடம் மாறியிருக்கின்றன. மொத்த மணிநேரம் மட்டும் திரையில் அப்படியே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து லாக்புக்கோடு ஒப்பிட்டதால்தான் பிடிபட்டது.

இது ஏதோ அழகுப் பிரச்சினை இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்ற விமானியாக. அந்த நூறில் 15 மணியாவது விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதத்துக்குள். இரவில் 5 மணி, 10 புறப்பாடு, 10 தரையிறக்கம். எது எந்தத் தேதி, எது பகல், எது இரவு என்பதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். இந்த மணிகளை, உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் இஜிசிஏ இணையதளத்திலும் ஏற்றியாக வேண்டும். பயிற்சிப் பள்ளி தன்னிடமுள்ள விமானப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒப்புதல் தர வேண்டும். உங்கள் புத்தகத்தை நம்பி ஏற்றியிருந்தால், பள்ளி ஏட்டில் காலை 9 மணிக்குப் பறந்த விமானத்தை நான் முந்தின நாள் நள்ளிரவு தாண்டி ஓட்டியதாக ஆகியிருக்கும். 2011இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானது உங்களுக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட துறையில், 'செயலி மாற்றிவிட்டது சார்' என்று ஒரு பயிற்சி விமானி சொன்னால் யார் கேட்பார்கள்? பொய்ப் பதிவு என்று முடிவுகட்டினால் போகப்போவது என் உரிமம், உங்கள் வியாபாரம் இல்லை.

எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்கிற வசதியிலும் கோளாறு. 1:45 என்பதை 1.45 என்று எழுதிவிட்டு, பிறகு சாதாரண எண்போலக் கூட்டுகிறது. ஒன்றே முக்கால் மணியில் இரண்டு பறப்பு என்றால் மூன்றரை மணி. உங்கள் கோப்பில் 2.90. இதை நான் இரண்டு மணி தொண்ணூறு நிமிடம் என்று படிப்பதா, இரண்டு மணி ஐம்பத்து நான்கு நிமிடம் என்று படிப்பதா? அச்சுப் புத்தகத்தின் பக்க அடியில் வரும் கூட்டுத்தொகையும் இதே வழியில்தான் போட்டிருக்கிறீர்கள். திரையில் ஒரு மொத்தம், காகிதத்தில் வேறொரு மொத்தம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். லாக்புக்கில் எழுதியது தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். ஒயிட்னர் கூடாது, சுரண்டக் கூடாது. எங்கள் அப்பா சிறு தேயிலை விவசாயி. தொழிற்சாலைக்கு இலை கொடுக்கிற நோட்டில் எடையை யாராவது திருத்தினால், பழைய எண் தெரிகிற மாதிரி அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் நோட்டை வாங்குவார். ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு இருக்கிற மரியாதை என் பறப்பு நேரத்துக்கு உங்களிடம் இல்லை. பயிற்றுநர் பார்த்து ஒப்புதல் கொடுத்து மூடிய பதிவுகளை உங்கள் செயலி திறந்திருக்கிறது, மாற்றியிருக்கிறது, எப்போது எதை மாற்றியது என்று ஒரு சொல் விட்டுவைக்கவில்லை. 'கடைசியாகத் திருத்திய நாள்' என்ற இடத்தில்கூடப் பழைய தேதியே நிற்கிறது.

அடுத்தது பேக்கப். நான் உங்கள் சந்தாவைக் கட்டியதே அதற்காகத்தான். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பீரோவுக்குள் இருக்கிற காகிதம்கூட நமத்துப் பூசணம் பூக்கும். 2009 நவம்பர் மண்சரிவு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை. வீடு போனால் பீரோவும் போயிற்று, அதற்குள் இருந்த பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போயிற்று. லாக்புக்கையோ கடைசிப் பதிவிலிருந்து குறைந்தது 5 ஆண்டுக்குக் காப்பாற்ற வேண்டும் என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளே சொல்கின்றன. மலைக்கு வெளியே ஒரு நகல் இருக்கட்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். 'உங்கள் பதிவுகள் எப்போதும் பத்திரம்' என்று உங்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நடந்தது என்ன? போனில் கெட்டது, டேப்லெட்டில் கெட்டது, உங்கள் சர்வரிலும் கெட்டது. மூன்று இடத்திலும் ஒரே தப்பு, ஒரே நேரத்தில். ஒரு இடத்தில் நடந்ததை மற்ற இடங்களுக்கும் உடனே கொண்டுபோகிறது சிங்க். கெட்டுப்போவதற்கு முன்னால் இருந்த நிலைக்குத் திரும்ப வழி இருந்தால்தான் அது பேக்கப். பழைய பிரதி வேண்டும் என்று கேட்டதற்கு, 'சேமித்து வைப்பதில்லை' என்று உங்கள் ஊழியர் சர்வசாதாரணமாகச் சொன்னார். அப்படியானால் ஆண்டுதோறும் எதற்குக் காசு வாங்குகிறீர்கள்?

உங்கள் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். செய்தேன், சர்வரிலிருந்து அதே தப்பு திரும்ப இறங்கியது. அப்புறம் போனில் நேர மண்டலத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். போன் இந்திய நேரத்தில்தான் இருக்கிறது, நானும் இந்தியாவில்தான் இருக்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை, 'புகார் தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்திதான் வந்தது.

எனவே, புதிய பதிப்புக்கு முந்தைய நிலைக்கு என் பதிவுகளைத் திருப்பித் தாருங்கள். மாறிய ஒவ்வொரு பதிவுக்கும் பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் காட்டும் பட்டியலும் வேண்டும். கோளாறு மென்பொருளில்தான், என் பதிவில் இல்லை என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் தர வேண்டும். பள்ளியோ டிஜிசிஏவோ கேட்டால் காட்ட எனக்கு அது அவசியம். அச்சுப் புத்தகத்துக்கும் இந்த ஆண்டுச் சந்தாவுக்கும் கட்டிய தொகை திரும்ப வர வேண்டும். புத்தகத்தை உங்கள் செலவிலேயே கூரியர் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அட்டை மடங்காமல் வைத்திருக்கிறேன். இவற்றைவிட அவசரமானது ஒன்று உண்டு. என்னைப்போல் இந்தச் செயலியை வைத்திருக்கும் மற்ற பயிற்சி விமானிகள் அனைவருக்கும் இந்தக் கோளாறை இன்றே தெரிவியுங்கள். யாரோ ஒருவர் இந்நேரம் இந்தக் கணக்கைப் பார்த்து இஜிசிஏ தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

கையெழுத்து லாக்புக்கின் பக்கங்களையும் உங்கள் அச்சுப் புத்தகத்தின் அதே பக்கங்களையும் அருகருகே வைத்து நகலெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதை நீங்கள் 48 மணிநேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, உதகையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கிற ஊரிலேயே வழக்குத் தொடரலாம், உங்கள் அலுவலகம் இருக்கிற ஊருக்கு நான் வரத் தேவையில்லை. விசாரணைக்கு நீங்கள்தான் மலை ஏறி வர வேண்டியிருக்கும்.

பதிலைத் தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
கோத்தகிரி.