பஸ் விட்டுவிட்டுப் போன அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்பான மலையக உறவுகளுக்கு,

போன வாரம் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருடமாகக் காசநோயின் பின்னால் அலைந்தவன் நான். எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) யாருக்கு வந்தது, யாரிடமிருந்து தொற்றியது, மருந்து குடித்தவர் ஏன் நடுவில் நின்றார் என்று துருவித் துருவிக் கணக்குப் பார்ப்பதுதான் வேலை. பிரியாவிடைக் கூட்டத்தில் நன்றி சொல்ல ஐந்து நிமிடம் தந்தார்கள். மேடையில் இருந்தவர்களின் பெயர்களுக்கே அது போதவில்லை. மேடைக்கு வராதவர்களுக்கு இந்த மடல்.

முதலில் பொகவந்தலாவைப் பக்கத்து அந்த அம்மா. 90-களின் கடைசி. அவருடைய சிகிச்சை அட்டையில் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எல்லாம் வெறுங்கட்டம். அப்படிப்பட்டவர்களை அந்நாளில் 'இடையில் விட்டவர்' என்று எழுதுவோம். நான் இளம் டொக்டர், மிடுக்கு வேறு. "ஏம்மா மருந்த இடையில விட்டீங்க?" என்று அதட்டினேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை.

"நான் எங்க தம்பி விட்டேன்? பஸ்ஸுதான் என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. அடுத்த பஸ்ஸுல போயி வந்தா அன்னைக்குப் பேரு இல்ல. மருந்து மட்டும் தின்னா வயிறு நெறையுமா?"

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சளி கொடுக்க ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள், மருந்து வாங்க இன்னொரு நாள். கிளினிக் துண்டு காட்டினால் அரைப்பேராவது போடுங்கள் என்று ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நானே போய்க் கெஞ்சி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளியைக் குற்றவாளியாக்கும் அந்தப் பழைய சொல்லைக் கைவிட்டது. அந்த அம்மா அதற்குப் பல வருடம் முன்பே அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு என் கேள்விப் படிவங்களில் முதல் கேள்வி, மருந்து கிடைக்கும் இடம் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான்.

அம்மா, அன்று அதட்டியதற்கு மன்னிப்பு. நன்றியும்.

லயத்துக் காம்பராவில் இந்த நோயைக் குணப்படுத்த முடியாது, ஆளைத் தூக்கி எங்காவது படுக்க வைக்க வேண்டும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வாதம் 1959-லேயே தோற்றுப்போனது. சென்னையில் 1956-இல் ஆரம்பித்த ஆய்வில் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் (காசநோய் மருத்துவமனையில்) சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, இடமும் குறைவு. ஆனால் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். இன்றைய மருந்து என்றால் ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல்.

அந்த 'தவறாமல்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயா ஒருவர் இருந்தார். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் நேரத்துக்கு) முன்னால், பிள்ளையை விட வரும் தாய்மாருக்குத் தன் கண் முன்னாலேயே, ரொட்டி தின்னும் முன் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுப்பார். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் குடித்தால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று பயந்து ஒரு பையன் மாத்திரையைக் கானில் (சாக்கடையில்) கொட்டிவிட்டான். ஆயா அவனைக் கூப்பிட்டு, "மருந்து வேல செய்யுதுன்னு அதுதான்டா சொல்லுது" என்றார். நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியும் அசையாதவன், மறுநாளே வந்து நின்றான்.

மருத்துவிச்சி அக்கா ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஜீப்பை நேரே நோயாளியின் இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) வரை விடுவேன். அன்று மாலையே அந்த வீட்டுத் தம்ளர் தனியாகிவிடும். தம்ளரால் காசம் பரவாது, இருமும்போது காற்றால்தான் பரவும் என்று சொல்லி என்ன பயன்? "ஜீப்ப கோயிலடியில நிப்பாட்டிட்டு நடந்து வாங்க சேர், நாலு வீட்டுக்கும் போங்க, அஞ்சாவதா அங்க போவோம்" என்றார் அக்கா. எந்தப் பாடநூலிலும் இல்லாத முறை.

ஆய்வுகூடத்து நண்பருக்கு: மைக்ரோஸ்கோப்பில், நீல நிறத்தில் சிவப்புக் கோடாகத் தெரியும் காசக் கிருமியைத் தேடி, ஒரு கண்ணாடித் தகட்டில் நூறு புலமாவது (ஒரு பார்வையில் தெரியும் பரப்பு ஒரு புலம்) பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதுவீர்கள். மின்சாரம் நின்றால் மைக்ரோஸ்கோப்பின் அடியில் உள்ள கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு பார்த்தீர்கள். இன்று இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் என் பழைய எண்களெல்லாம் உங்கள் கண்ணில் இருந்து வந்தவை.

கடைசியாக, பெயர் கேட்க மறந்த ஒருவர். பொகவந்தலாவை – ஹட்டன் பஸ் கண்டக்டர். சளி மாதிரிகளை மூடி, ஐஸ் பெட்டியில் அடைத்து உங்களிடம் கொடுத்துவிடுவோம். முதல் நாள் "உள்ள என்ன சேர்?" என்றீர்கள். மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துவிட்டு உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "இதுக்கு டிக்கட் வேணாம்" என்றீர்கள். அந்தக் காசு பாக்கி இருக்கிறது. இதை வாசித்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன்.