எந்த சீசனை முதலில் பார்க்கலாம்?

அன்புள்ள கயல்,

பிரிட்டிஷ் டிவியில் வீட்டுச் சமையல்காரர்கள் கேக், ரொட்டி சுட்டுப் போட்டியிடும் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' போட்டிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். எந்த சீசனைப் பார்த்துத் தயாராகலாம் என்று கேட்டிருந்தாய். உன் தோழிகள், பிபிசி காலத்து சீசன்களை மட்டும் பார்த்தால் போதும், 2017-இல் சேனல் 4-க்குப் போனதும் எல்லாம் கெட்டுவிட்டது என்கிறார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேனலை வைத்துப் பிரிக்காதே. போட்டி நடக்கும் கூடாரத்துக்குள் ஏதாவது கைமீறிப் போகும்போது என்ன நடந்தது என்று பார்.

2012-இலிருந்து தொடங்கு. ஸ்ட்ரூடல் (மெல்லிய மாவில் பழத்தைச் சுருட்டிச் சுடுவது) செய்த அன்று ஜான் வெய்ட் என்ற போட்டியாளர் விரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். கையுறைக்குள் ரத்தம் நிரம்பி, வேலையை முடிக்க முடியாமல் போனது. அந்த வாரம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கடைசியில் ஜெயித்ததும் அவர்தான். அடுத்த வருஷம் ஒரு பெண்மணி, பக்கத்துப் போட்டியாளரின் கஸ்டர்டைத் தன்னுடையது என்று நினைத்து, கேக், பழம், கிரீம் அடுக்கிச் செய்யும் டிரைஃபிளில் ஊற்றிவிட்டார். நடுவர்களிடம் உள்ளதைச் சொன்னார்கள், அவர்களும் அதை மனதில் வைத்தே ருசித்தார்கள்.

அப்புறம் 2014. பேக்ட் அலாஸ்கா (கேக்கின் மேல் ஐஸ்கிரீம் வைத்து, அடித்த முட்டை வெள்ளைக்கருவால் மூடிச் சுடுவது) சுற்றில் ஒருவரின் ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்கு வெளியே இருந்து இளகிவிட்டது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டார். நடுவர்களின் முன்னால் அந்தத் தொட்டியைத்தான் கொண்டுபோய் வைத்தார். அன்றே வெளியேற வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள், புகார்கள் குவிந்தன. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர்களான மேரி பெரியும் பால் ஹாலிவுட்டும் வேறென்ன செய்திருக்க முடியும்? ருசிக்க ஒரு கரண்டிகூட இல்லையே.

இதைப் பார்த்த கையோடு 2015-ஐப் பார். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உயர்ந்த சீசன் அதுதான். வால்-ஆ-வாங் (உள்ளே நிரப்பித் தரும் மொறுமொறு மாவுக் கிண்ணம்) செய்த வாரத்தில் போட்டியாளர் நதியா ஹுசேனுக்கு நேரம் போதவில்லை. ஒரு தொகுதி நிரப்பப்படாமலே நின்றது. அவர் அதை அப்படியே கொண்டுவந்து வைத்தார். நடுவர்களுக்குச் சாப்பிட்டுப் பார்க்க ஏதோ இருந்தது, அவரும் தப்பித்தார். அதே நதியாதான் இறுதிச் சுற்றில் தன் கல்யாணத்தில் வெட்டக் கிடைக்காத கேக்கை, எலுமிச்சை மணத்தோடு, சிவப்பு, வெள்ளை, நீலச் சேலைத்துணி அலங்காரத்தோடு செய்து வைத்து ஜெயித்தார். அதை 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

சேனல் 4 சீசன்களில் 2018-ஐத் தவறவிடாதே. இறுதிச் சுற்றில், போட்டியாளர் ராகுல் மண்டலின் கண்ணாடி ஜாடி ஒன்று வெயிலில் வெடித்துச் சிதறியது. மேசையெல்லாம் கண்ணாடித் துண்டு. அவருக்கு 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள், அவரும் பதற்றத்தை அடக்கிக்கொண்டு முடித்து வென்றார். சேனல் மாறினாலும் அந்த நியாயம் மாறவில்லை என்று உன் தோழிகளிடம் சொல். ஆனால் அதே இறுதிச் சுற்றில், திறந்த வெளியில் நெருப்பு மூட்டி பிட்டா ரொட்டி சுடச் சொன்னார்கள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

உன் தோழிகள் சொல்வதில் உண்மை இருப்பது, எல்லோருக்கும் ஒரே பண்டத்தைக் குறைந்த விவரங்களோடு கொடுத்துச் செய்யச் சொல்லும் டெக்னிக்கல் சுற்றைப் பொறுத்தவரைதான். 2010-இல் முதல் வாரம் கொடுத்தது விக்டோரியா சாண்ட்விச். எல்லோருக்கும் தெரிந்த கேக் என்பதால் யார் கை பக்குவமானது என்பது பளிச்சென்று தெரிந்தது. 2022-இல் மெக்சிகன் வாரம் என்று டாக்கோ செய்யவைத்தார்கள். அதில் பேக்கிங் எங்கே இருக்கிறது? ஏகப்பட்ட விமர்சனம் வந்து, அடுத்த சீசனில் நாடுகளின் பெயரில் வாரங்களே இல்லை. மிக நன்றாகச் செய்தவருக்கு நடுவர் பால் ஹாலிவுட் தரும் கைகுலுக்கலும் போகப் போக மலிந்துவிட்டது, அதற்காக ஏங்காதே. அந்தந்த வாரத்தின் சிறந்த போட்டியாளருக்குத் தரும் ஸ்டார் பேக்கர் பட்டத்துக்காகவும் ஏங்காதே. 2019-இல் ஜெயித்த டேவிட் ஆதர்டன் ஒரு வாரம்கூட அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. பெரிய கைதட்டல் இல்லாமல் சுற்றுக்குச் சுற்று சுத்தமாகச் செய்துகொண்டே போனார். உன் சுபாவத்துக்கு அந்த வழிதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

பரிசு என்று பணம் எதுவும் கிடையாது. பெயர் பொறித்த கேக் ஸ்டாண்டும் பூங்கொத்தும்தான். படப்பிடிப்பு பெரும்பாலும் வார இறுதிகளில் நடப்பதால் வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் வார நாட்களில் வேலை முடித்து வந்து பயிற்சியும் செய்ய வேண்டும். அதற்கு உடம்பு தாங்குமா என்று முதலில் யோசித்துக்கொள்.

கேக்கில் உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பிரெட்டில்தான் அவசரப்படுகிறாய், மாவு முழுதாக உப்புவதற்குள் ஓவனில் வைத்துவிடுகிறாய். 2015 பிரெட் வாரத்தில் ஒருவர் மாவிலேயே சிங்க முகம் செய்வார். அதைப் பார்த்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதாரண ரொட்டி சுட்டு, குறுக்கே வெட்டி போட்டோ அனுப்பு. உள்ளே எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா