உன் ஜான் சீனா ஜெயித்துவிட்டான், எனக்குத்தான் மனசு ஆறவில்லை

அம்மாடி,

இரண்டு நாளும் டியூட்டியில் மாட்டிக்கொண்டேன், WWE மல்யுத்தத்தின் வருஷாந்திரப் பெரிய ஷோ ரெசில்மேனியா எப்படி இருந்தது என்று விலாவாரியாக எழுதுங்கள் அப்பா, திட்டுவதென்றால் திட்டியே எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். திட்டத்தான் போகிறேன். சனிக்கிழமை ஷோ நன்றாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஷோ முக்கால்வாசி நன்றாக இருந்தது, கடைசி மேட்ச் மட்டும் வாயில் வைக்க முடியவில்லை. அந்தக் கடைசி மேட்ச்தான் உன் ஜான் சீனா மேட்ச். அவன் ஜெயித்துவிட்டான் என்று உனக்கு அதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால் நான் ஒன்றும் ரகசியத்தை உடைத்துவிடவில்லை.

அங்கே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சாயங்காலம் ஏழு மணி என்றால் நமக்கு ரங்கூனில் மறுநாள் விடிகாலை ஐந்தரை. ஞாயிறும் திங்களும் ஐந்து மணிக்கே எழுந்து மாடி வீட்டுப் பையனோடு உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் இன்னும் முறை வைத்துத்தான் வருகிறது, அந்த நேரம் நம் தெருவுக்கு இல்லாத நேரம், அதனால் பேட்டரியில் ஓட்டினோம். போனை கண்டென்ஸ்டு மில்க் டப்பாவில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். நடுநடுவே படம் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்ப வரும்போது எவனோ ஒருவன் கீழே கிடப்பான், யார் அடித்தது என்றே தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் டீயை மட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சரி, சீனாவுக்கு வருகிறேன். 2025 மார்ச் 1ஆம் தேதி டொராண்டோவில், எலிமினேஷன் சேம்பர் ஷோவில், அவன் அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டு, பழைய மல்யுத்தக்காரனும் நடிகனுமான ராக் தன் கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டியதும், கோடியை எட்டி உதைத்தானே, அன்றைக்கு நீ போன் போட்டு அழாத குறையாகப் பேசினாய். நான் அன்றைக்கே சொன்னேன், இதில் தப்பே இல்லை என்று. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். இருபது வருஷமாக நல்லவனாகவே இருந்தவன், நோயாளிக் குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்பு வழியாக 650க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் போய்ப் பார்த்தவன், விடைபெறும் வருஷத்தில் கெட்டவனாக மாறுகிறான் என்றால் அதைவிடப் பெரிய கதை என்ன இருக்கிறது? வில்லனாக ஆக்கியதில் எனக்குக் கோபமே இல்லை. ஆக்கிவிட்டு அம்போ என்று நடுத்தெருவில் விட்டார்களே, அதில்தான் கோபம்.

ஹல்க் ஹோகன் 1996 ஜூலையில் கெட்டவனாக மாறியது உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை, நீ அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் நான் கேசட் வாடகைக்கு எடுத்து உனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவன் மாறினான் என்றால் முழுக்க மாறினான். மஞ்சள் சிவப்பெல்லாம் போய்க் கறுப்பு உடுத்தினான், தாடிக்குச் சாயம் அடித்தான், கூட்டாளிகள் ஹாலும் நாஷும் இரண்டு பக்கமும் நின்றார்கள், நடையே மாறிவிட்டது. நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு திரையில் வந்தாலே கொட்டகையில் பெண்கள் சாபம் கொடுப்பார்களாமே, அந்த மாதிரி வயிறு எரிய வேண்டும். சீனா என்ன செய்தான்? வாராவாரம் வந்து நின்று ரசிகர்களைப் பார்த்து, நீங்கள் என்னை எப்படி நடத்தினீர்கள் தெரியுமா என்று குறைபட்டுக்கொண்டான். மல்யுத்தத்தையே நாசம் பண்ணப்போகிறேன், பெல்ட்டோடு வீட்டுக்குப் போய்விடுவேன் என்றான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனை இந்தப் பக்கம் இழுத்துவந்த ராக் எங்கே? கோடியின் ஆன்மாவே வேண்டும் என்று கேட்டவன், கதையைப் பற்றவைத்தவன், ரெசில்மேனியாவுக்கே வரவில்லை! லாஸ் வேகஸில் அவ்வளவு பெரிய ஸ்டேடியம், இரண்டு நாளும் சேர்த்து லட்சத்துக்கு மேல் ஜனம், கடைசி மேட்ச் முடிகிற வரைக்கும் நானும் மாடிப் பையனும் இதோ வருவான் அதோ வருவான் என்று காத்திருந்தோம். வந்தது யார் என்றால் பாட்டுக்காரன் டிராவிஸ் ஸ்காட்.

மேட்ச் எப்படி இருந்தது என்றால், மெதுவாக. ரொம்ப மெதுவாக. சீனாவுக்கு வயது 48 ஆகப் போகிறது, பழைய வேகத்தை நான் கேட்கவில்லை. ஆனால் வேகம் இல்லாத வில்லன் குரூரமாகவாவது இருக்க வேண்டாமா? கண்ணைக் குத்தலாம், கையை முறுக்கலாம், ரெஃப்ரி திரும்பியிருக்கும்போது கழுத்தை மிதிக்கலாம். இவன் பிடித்துப் பிடித்துக் கீழே கிடந்தான், இரண்டு பேரும் மாறி மாறி ஒருத்தன் அடியை ஒருத்தன் தாங்கி எழுந்தார்கள், கூட்டத்தில் பாதிப்பேர் சீனாவுக்கே கத்தினார்கள். பின்னே கத்தாமல்? 2017 ஜனவரியில் ராயல் ரம்பிளில் ஏஜே ஸ்டைல்ஸை வென்று ரிக் ஃப்ளேரின் பதினாறு உலக பெல்ட்டுகளோடு சமமாக நின்றவன், எட்டு வருஷம் காத்திருந்த பதினேழாவது பெல்ட் அது. சரித்திரம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சரித்திரம் நடக்கட்டும் என்றுதான் கத்துவான். அது தெரிந்தே அவனை வில்லனாக அனுப்பி, அதே நாளில் அந்தச் சாதனையையும் கையில் கொடுத்தால் ஜனம் எந்தப் பக்கம் நிற்கும்?

முடிவு இப்படி. டிராவிஸ் ஸ்காட் உள்ளே வந்தான், கோடி அவனுக்கும் தன் முத்திரை அடியான கிராஸ் ரோட்ஸ் ஒன்று போட்டான். அப்புறம் பெல்ட் கோடியின் கையில். அதைக் கொண்டு சீனாவின் மண்டையில் ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்தது. கோடி தயங்கினான். அந்தத் தயக்கம் இருக்கிறதே, மேட்ச் முழுக்க எனக்குப் பிடித்தது அந்த இரண்டு மூன்று விநாடிதான், அவன் முகத்தில் ஒரு ஆசை வந்து போனதைக் காட்டினார்கள். அதற்குள் சீனா கீழே இருந்து கையை வீசித் தொடை நடுவில் ஒன்று, பெல்ட்டால் தலையில் ஒன்று, மூன்று எண்ணிவிட்டார்கள். முதல் பெல்ட் 2005இல் ஜேபிஎல்லிடமிருந்து வாங்கினானே, நீ அட்டையில் தங்கக் காகிதம் ஒட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு வீடு பூராவும் சுற்றினாய். அந்த ஜெயிப்புக்கும் இந்த ஜெயிப்புக்கும் இருபது வருஷம். இதைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது அட்டை வெட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்ச், பெண்கள் மேட்ச், இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியங்கா பெலேர் மூன்று பேரும். இரண்டு நாளில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. மூன்று பேர் மோதினால் வழக்கமாக ஒருத்தர் வெளியே விழுந்து படுத்துக்கொள்வார்கள், மிச்ச இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள், பிறகு முறை மாற்றிக்கொள்வார்கள். இதில் அந்தச் சோம்பேறித்தனம் குறைவு. ரியா ஆளைத் தூக்கித் தரையில் அறைகிறாள், பியங்கா தன் ஜடையையே சாட்டையாக வைத்திருக்கிறாள், நடுவில் அந்தச் சின்ன ஜப்பான்காரி. அவர்கள் இரண்டு பேரும் சண்டை எங்களுக்குள்தான், இவள் யார் என்பது மாதிரியே வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள், பெல்ட் வைத்திருப்பவளே அவள்தான். மேல் கயிற்றில் ஏறி நின்று ஒரு மூச்சு விட்டாள் பார், பிறகு உடம்பை வில்லாக வளைத்துப் பின்பக்கமாகப் பறந்து வந்து விழுந்தாள். மாடிப் பையன் எழுந்து நின்று கத்தியதில் டப்பா சரிந்து போன் கவிழ்ந்துவிட்டது, மூன்று எண்ணியதை நாங்கள் சத்தமாகக் கேட்டதோடு சரி. நீ இதை மட்டுமாவது முழுசாகப் பார். துண்டு துண்டாகப் பார்க்காதே.

சனிக்கிழமை கடைசி மேட்ச் இரண்டாமிடம். சிஎம் பங்க், ரோமன் ரெய்ன்ஸ், செத் ராலின்ஸ். 2014இல் கோபித்துக்கொண்டு போன பங்குக்கு ரெசில்மேனியாவை முடித்துவைக்கும் பெரிய மேட்ச் ஆட வேண்டும் என்பது எவ்வளவு நாள் ஏக்கம். கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே, பங்குக்கும் ரோமனுக்கும் வேண்டியவனான மேனேஜர் பால் ஹேமன் கவிழ்த்துவிட்டான். பங்குக்கு ஒரு அடி, அதைப் பார்த்து ரோமன் ஆகா நம் ஆள் நம்மிடம் வந்துவிட்டான் என்று நினைத்த நேரத்தில் அவனுக்கும் ஒரு அடி. கொழுத்த மனுஷன், கோட் போட்டுக்கொண்டு, கையும் காலும் நடுங்க நின்றவன், இரண்டு மலைகளைக் கீழே தள்ளிவிட்டு செத் ராலின்ஸோடு போய்விட்டான். துரோகம் என்றால் இப்படி எழுத வேண்டும். யாரை அடிப்பான் என்று நான் கடைசி வரை ஊகிக்கவில்லை, ஆனால் அடித்த பிறகு யோசித்தால் ஒவ்வொரு வாரமும் அதற்கு வழி போட்டிருந்தது தெரிகிறது. சீனா கதைக்கு இந்த உழைப்பில் கால்வாசி போட்டிருக்கக் கூடாதா?

ஜே உஸோ குந்தரை வென்றது உனக்குப் பிடிக்கும். அவ்வளவு இறுக்கமான குந்தர் தரையைத் தட்டிச் சரணடைந்தான், ஸ்டேடியம் முழுக்கக் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரே கூச்சல். எனக்கு மேட்ச் கொஞ்சம் சின்னதாகத் தோன்றியது, அவ்வளவுதான். யூடியூப்காரன் லோகன் பால் வந்தபோது நான் தெருமுனைக்குப் போய் மோகிங்கா, அந்த பர்மா மீன் நூடுல்ஸ், வாங்கிவந்தேன்.

டொமினிக் மிஸ்டீரியோவைச் சொல்லாமல் விடக் கூடாது. 2005 சம்மர்ஸ்லாமில் இந்தப் பையன் யாருக்குப் பிள்ளை என்று ரே மிஸ்டீரியோவும் எடி கெரேரோவும் ஏணி போட்டு அடித்துக்கொண்டார்களே, அப்போது எட்டு வயது, சின்ன முகத்தோடு ஓரத்தில் நின்றான். இப்போது பெற்ற அப்பனையே அடித்துவிட்டு மீசை முறுக்குகிறான், அதற்கு லாஸ் வேகஸே எழுந்து நின்று கைதட்டுகிறது. நாலு பேர் மேட்ச்சில் தன் கூட்டாளி ஃபின் பாலர் மேலேயே, அதுவும் எடியின் தவளைப் பாய்ச்சலையே போட்டு, இன்டர்காண்டினென்டல் பெல்ட்டைத் தூக்கிவிட்டான். அம்மா அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தாள், யார் இந்தப் பையன் என்றாள், கதையைச் சொன்னேன். வெளிநாட்டில் இருந்தாலும் நம் பிள்ளை வாராவாரம் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்கான பாராட்டு, வாங்கிக்கொள்.

பக்கத்து வீட்டு பர்மாக்காரர் வழக்கம் போல, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது, இதைப் போய்ப் பார்க்கிறாயே என்றார். அவர் லெத்வே என்கிற பர்மா குத்துச்சண்டை ஆள். தெயின்பியூ ஸ்டேடியத்தில் கையுறை இல்லாமல், துணியைச் சுற்றிக்கொண்டு, தலையாலும் முட்டலாம் என்கிற சண்டையைப் பார்த்து வளர்ந்தவர். அதில் பழைய முறைப்படி புள்ளி எண்ணுவதே கிடையாது, யாரும் விழவில்லையா, இரண்டு பேருக்கும் சமம். நான் அவரிடம் சொன்னது, பேசி வைத்ததுதான், யார் இல்லை என்றது? பேசி வைத்தும் இவ்வளவு மோசமாக முடித்தார்களே என்றுதான் நான் திட்டுகிறேன். சண்டை மோசமானால் சண்டைக்காரனைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அவனுக்கு விதி. கதை மோசமானால் எழுதினவனைக் கேட்கலாம் அல்லவா. அவர் சிரித்துவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

வீட்டு விஷயம். மாண்டலேயில் சித்தப்பா வீட்டில் எல்லோரும் நலம். மார்ச் 28 நிலநடுக்கத்தில் பின்சுவர் வெடித்ததே, இன்னும் ராத்திரி வெளியே பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள். நீ அனுப்பிய பணத்தில் பாதியை அங்கே அனுப்பிவிட்டேன், உன்னிடம் கேட்காமல் அனுப்பினேன், நீ ஒன்றும் சொல்லமாட்டாய். இந்த வருஷம் தண்ணீர்த் திருவிழா சத்தமில்லாமல் போனது, சித்திரை வருஷப் பிறப்புக்குக் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணினோம். நைட் டியூட்டி முடிந்து சாப்பிடாமல் தூங்குகிறாயாமே, உன் அறைத்தோழி அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை 'ரா' ஷோவில் ராண்டி ஆர்ட்டன் வந்து சீனாவுக்குத் தன் முத்திரை அடியான ஆர்கேஓ ஒன்று போட்டுவிட்டான், அதைப் பார்த்திருப்பாய். மே 10 பேக்லாஷ் ஷோவில் இரண்டு பேரும் மோதுகிறார்கள், செயின்ட் லூயிஸில், ஆர்ட்டனின் சொந்த ஊர். நமக்கு மே 11 விடிகாலை, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு உனக்கு ஆஃப் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை, கிடைத்தால் போனைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம். பெல்ட் சீனாவிடமேதான் இருக்கும் என்று நான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்காவது கொஞ்சம் கெட்டவனாக ஜெயிக்கச் சொல்.

அப்பா