அம்மாவோட வலிய சிஆர்பி ரிப்போர்ட்ல தேடாத பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா, மாப்ள நல்லா இருக்காரா, குட்டிக்கு சளி விட்டுடுச்சா. நேத்து நீ வாட்ஸப்ல அனுப்புன மெசேஜ் படிச்சேன், அம்மாகிட்ட காட்டல. அழற்சி இருக்கான்னு பாக்குற அந்த ரத்த டெஸ்ட்ல சிஆர்பி 0.4 தான் இருக்கு, இவ்ளோ நார்மலா இருக்கறப்ப அம்மா ஏன்பா இன்னும் கை வலி கால் வலிங்கறாங்க, மனசு சம்பந்தப்பட்டதா இருக்குமோ, முடக்குவாதத்துக்கு மருந்து ஏத்துற அந்த ட்ரிப்ப வேணா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆக்கிடலாமான்னு கேட்டிருந்த. அக்கறைல தான் கேக்குறன்னு எனக்குத் தெரியும். போன்ல பேசுனா அம்மா காதுல விழும், அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், லீவு நாள்ல பொறுமையா படி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அம்மாவுக்கு வலி நிஜம். ரிப்போர்ட்டும் நிஜம். ரெண்டுக்கும் சண்டையே இல்ல. எப்படின்னு புரிஞ்சுக்கணும்னா அந்த சிஆர்பி எங்கருந்து வருதுன்னு உனக்குத் தெரியணும்.

வேலைக்காலம் பூரா லேப்லயே இருந்தவன் நான், அழற்சி இருக்கான்னு பாக்குற இன்னொரு ரத்த டெஸ்ட்டான ஈஎஸ்ஆருக்கு எவ்வளவு ட்யூப் நிமுத்தி வச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் கலந்து, ஸ்டாண்டுல நேரா நிக்க வச்சு, ஒரு மணி நேரத்துல சிவப்பணு எத்தன மில்லிமீட்டர் இறங்குதுன்னு பாக்குறது, ட்யூப் லேசா சாஞ்சா கூட ரீடிங் ஏறிடும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும், வயசானாலும் ஏறும். ஈஎஸ்ஆர் ஆகட்டும் சிஆர்பி ஆகட்டும், ரெண்டுமே மூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு நேரா சொல்றது கிடையாது. சிஆர்பிய 1930ல நியூயார்க்ல ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சாங்க, அதுவும் நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல, மூட்டுக்கும் அதுக்கும் அப்ப சம்பந்தமே இல்ல. உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் ஏறுற புரதம் அது, அத செய்யறது கல்லீரல்.

கல்லீரலுக்கு அத செய்யச் சொல்லி யார் உத்தரவு போடறாங்கன்றது தான் முக்கியம். முடக்குவாதத்துல மூட்டோட உள்பக்கம் இருக்குற சவ்வு தடிச்சு வீங்கிடும், நோய் எதிர்ப்பு செல்லுங்க கூட்டம் கூட்டமா அங்க வந்து உக்காந்துக்கும். அதுங்க ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்லிக்கிறதுக்கு குட்டி குட்டி புரதங்கள வெளிய விடும், சைட்டோகைன்னு சொல்லுவோம். டிஎன்எஃப், இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6, இன்னும் நிறைய இருக்கு. டிஎன்எஃப் மத்ததையும் கிளப்பி விடும், கூட சேந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிற வேலையும் நடக்கும். இன்டர்லூகின் 6 மூட்டோட நிக்காது, ரத்தத்துல கலந்து கல்லீரல் வரைக்கும் போகும், போய் சிஆர்பி செய், ஃபைப்ரினோஜன் செய்னு தூண்டும். ஃபைப்ரினோஜன் ஏறுனா சிவப்பணுங்க ஒட்டிக்கிட்டு சீக்கிரம் இறங்கும், ஈஎஸ்ஆர் ஏறும். ஆக நம்ம லேப்ல அளந்த ரெண்டுமே பெரும்பாலும் இன்டர்லூகின் 6 போட்ட உத்தரவோட விளைவு.

இப்ப அம்மாவுக்கு 4 வாரத்துக்கு ஒருக்கா ஏத்துற மருந்து என்ன, டோசிலிசுமாப். அது என்ன பண்ணுது, செல்லுங்கள்ல இன்டர்லூகின் 6 போய் உக்கார்ற இடத்த, அதான் ரிசப்டர, அடைச்சு வச்சிடுது. அப்ப கல்லீரலுக்கு உத்தரவே போகாது. மூட்டு ஆறியிருந்தாலும் சிஆர்பி இறங்கும், ஆறாம இருந்தாலும் சிஆர்பி இறங்கும். காலிங் பெல் வயர கழட்டி வச்சிட்டு வாசலுக்கு யாரும் வரலன்னு சொன்னா சரியா இருக்குமா பாப்பா, அந்த 0.4ம் அப்படித்தான். மருந்து ரத்தத்துல போய் வேலை செய்யுதுன்னு அது காட்டும், நோய் அடங்குச்சுன்னு அத மட்டும் வச்சு சொல்ல முடியாது.

இந்த மருந்த குறைச்சு சொல்றேன்னு நினைக்காத. ஜப்பான்ல ஒசாகா பல்கலைக்கழகத்துல கிஷிமோட்டோன்னு ஒரு விஞ்ஞானி, அவரோட குழு தான் 1986ல இன்டர்லூகின் 6 ஜீன பிரிச்சு எடுத்துச்சு, அதுலருந்து மருந்தாகி 2008ல ஜப்பான்ல முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைச்சுது, 2010ல உங்க அமெரிக்கால. ஒரு புரதத்த கண்டுபிடிச்சு அத மறிக்கிற மருந்தா நோயாளி கைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அவ்ளோ பேரோட உழைப்பு. இந்த மருந்து வர்றதுக்கு முன்னாடியே லண்டன்ல ஃபெல்ட்மன், மைனின்னு ரெண்டு பேரு, மூட்டு சவ்வு செல்லுங்கள கண்ணாடி டிஷ்ல வளத்து, டிஎன்எஃப்ப மட்டும் மறிச்சா இன்டர்லூகின் 1 உற்பத்தியும் படுத்துடுதுன்னு 1989ல காட்டுனாங்க, 1992ல சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரில 20 நோயாளிங்களுக்கு முதல் முதலா அந்த மறிக்கிற ஆன்டிபாடிய போட்டு பாத்தாங்க, வீக்கமும் குறைஞ்சுது, சிஆர்பியும் இறங்குச்சு. அத படிக்கிறப்பல்லாம் எனக்கு மனசு நெகிழும், ஏன்னா அந்தக் காலத்துல எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற முடக்குவாதக்காரங்க விரல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு போயி, சட்டை பட்டன் போட முடியாம வருவாங்க. உங்கம்மா கை இன்னைக்கும் கோலம் போடுதுன்னா மெத்தோட்ரெக்ஸேட்ங்கற மருந்தும் இந்த ட்ரிப்பும் தான் காரணம். அந்த மெத்தோட்ரெக்ஸேட் வந்த, அமெரிக்க மருந்துக் கம்பெனி லெடர்லியோட ஆராய்ச்சிக் கூடத்துக்கு தலைமையா இருந்தவரு நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்ரகட சுப்பாராவ், அது உனக்குத் தெரியுமோ என்னவோ.

அதனால ட்ரிப்ப தள்ளிப் போடற பேச்சே வேணாம், டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட தள்ளக் கூடாது. காசப் பத்தி நீ கவலப்படாத, அத நான் பாத்துக்கறேன்.

சரி அப்ப சிஆர்பிய நம்பாம வேற எத பாக்குறதுன்னு கேப்ப. டாக்டர் ஒவ்வொரு தடவையும் அம்மா கைய ஒவ்வொரு விரலா அமுக்கிப் பாக்குறாரே, அது சும்மா இல்ல. டாஸ் 28ன்னு ஒரு கணக்கு இருக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல் மூட்டுங்க, முட்டி எல்லாம் சேத்து 28 மூட்டு, அதுல எத்தன வீங்கியிருக்கு, எத்தன தொட்டா வலிக்குது, கூட ஈஎஸ்ஆர் இல்லன்னா சிஆர்பி, அப்புறம் நோயாளி தன் நிலைமைய தானே போடற மார்க். 2.6க்கு கீழ வந்தா நோய் அடங்கியிருக்குன்னு கணக்கு, 5.1க்கு மேல போனா கடுமை. இதுல நீ கவனிக்க வேண்டியது ரெண்டு. சிஆர்பி இந்தக் கணக்குக்குள்ளயே இருக்கறதால அம்மா மாதிரி மருந்து எடுக்கறவங்களுக்கு ஸ்கோர் நிஜத்த விட நல்லா காட்டும், அதான் நம்ம டாக்டர் ரத்த டெஸ்ட்டே சேக்காத சிடாய்ங்கற கணக்கையும் சேத்து போடறாரு. இன்னொண்ணு, அந்த 28ல பாதம் கிடையாது. அம்மாவுக்கு இப்ப வலி எங்கன்னு நீ கேட்டியா, பாத விரலுக்கு கீழ, காலைல தரைல கால ஊனவே முடியல. அந்த மூட்டுக் கணக்குல அது வரவே வராது.

நீ சொன்ன அந்த 12 புரதம் பாக்குற வெக்ட்ரா டெஸ்ட் பத்தியும் யோசிச்சேன். 1லருந்து 100 வரைக்கும் ஸ்கோர், 44க்கு மேல போனா நோய் தீவிரம்னு அர்த்தம், நல்ல முயற்சி தான், ஒரே புரதத்த நம்பாம பல புரதத்த சேத்துப் பாக்குறது சரியான வழின்னு எனக்கும் தோணுது. ஆனா அந்த 12ல சிஆர்பியும் இருக்கு, இன்டர்லூகின் 6ம் இருக்கு. டோசிலிசுமாப் போட்டா ரிசப்டர் அடைபட்டதால இன்டர்லூகின் 6 போக இடமில்லாம ரத்தத்துலயே தங்கி லெவல் ஏறும், நோய் ஏறாமலே. ஒரு பக்கம் மருந்தால ஒண்ணு இறங்குது இன்னொரு பக்கம் மருந்தால ஒண்ணு ஏறுது, அம்மா விஷயத்துல அத வச்சு என்ன முடிவு எடுக்க முடியும். அப்ப சைட்டோகைன தனியா நேரா அளந்துடலாமேன்னா அதுலயும் சிக்கல், இன்டர்லூகின் 6 விடியக்காலைல ஏறி பகல்ல இறங்கும், காலைல தான் கை மடங்காம இறுகி நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம், அப்ப எத்தன மணிக்கு ரத்தம் எடுத்தோம்ங்கறத பொறுத்து ரிசல்ட் மாறும். எடுத்த ரத்தத்த சீக்கிரம் பிரிக்காம வச்சாலும் மாறும். அதுக்கும் மேல அம்மாவுக்கு ஆர்ஏ ஃபேக்டர், முடக்குவாதக்காரங்க நிறைய பேர் ரத்தத்துல இருக்குற ஒரு ஆன்டிபாடி, ரொம்ப ஜாஸ்தி, அந்த ஃபேக்டரே டெஸ்ட்ல இருக்குற ஆன்டிபாடிங்கள போய் பிடிச்சுக்கிட்டு இல்லாத சைட்டோகைன இருக்கற மாதிரி காட்டிடும். லேப்ல இருந்தவனுக்குத் தான் இந்த பயம் தெரியும், பேப்பர்ல பிரிண்ட் ஆகி வந்துட்டா எல்லா நம்பரும் ஒரே மாதிரி கம்பீரமாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம், உன் தம்பிகிட்டயும் சொல்லி வை. இந்த மருந்து ஓடறப்ப அம்மாவுக்கு நெஞ்சுச் சளியோ யூரின் இன்ஃபெக்ஷனோ வந்தா கூட சிஆர்பி ஏறாம இருக்கலாம், காய்ச்சலும் பெருசா அடிக்காம இருக்கலாம். நான் ஊர்ல இல்லாதப்ப யாராவது டெஸ்ட் எடுத்து சிஆர்பி நார்மல் ஒண்ணுமில்லன்னு சொன்னா நம்பி விட்டுடாதீங்க. இருமல், மூச்சு வாங்கறது, ஒரே சோர்வு, வயித்து வலி எது வந்தாலும் ட்ரிப் போடற டாக்டருக்கு போன் பண்ணி இந்த மருந்து பேர சொல்லி கேக்கணும். மருந்து சீட்ட பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன்.

அம்மாகிட்ட பேசறப்ப ரிப்போர்ட் நார்மல்மான்னு ஆரம்பிக்காத பாப்பா. அப்படி சொல்லச் சொல்ல அவ வலிய வெளிய சொல்றதையே நிறுத்திடுவா, இப்பவே பாதி மறைக்கறா, பாத்திரத்த சிங்க்ல போட்டுட்டு கை ஓயட்டும்னு நிக்கறத நான் பாக்குறேன். காலைல எந்திரிச்சதுலருந்து விரல் மடங்க எவ்ளோ நேரம் ஆச்சும்மான்னு கேளு, மோதிரம் கழட்ட வருதான்னு கேளு, அரைமணியா ரெண்டு மணியான்னு அவ சொல்ற பதில்ல எனக்கு இந்த 0.4ஐ விட ஜாஸ்தி தெரியுது. நம்ம ஊர் காலை ஏழு மணிக்கு கூப்பிடாத, அப்ப அவளால போன பிடிக்கவே முடியாது, பத்துக்கு மேல கூப்பிடு, உனக்கு ராத்திரி நேரம் தான், ஆனாலும்.

அடுத்த ட்ரிப்புக்கு போறப்ப கையோட சேத்து பாதத்துக்கும் டாப்ளர் வச்ச அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கப் போறேன், சவ்வுல ரத்த ஓட்டம் இன்னும் ஜாஸ்தியா இருந்தா அதுல கண்ணால பாத்துடலாம், சிஆர்பி மறைச்சாலும் அது காட்டும். அழற்சி இருந்தா மருந்த மாத்தறதா கூட்டறதான்னு அவர் சொல்லட்டும், அழற்சி இல்லன்னா பழைய தேய்மானத்து வலியா வேற எதுவான்னு அதுக்கு தகுந்த வைத்தியம் பாக்கலாம், எப்படி இருந்தாலும் வலிக்கு வைத்தியம் உண்டு. நீ கேக்க நினைக்கற கேள்வியெல்லாம் எழுதி எனக்கு அனுப்பு, குடும்ப குரூப்ல போடாத, தனியா எனக்கு.

குட்டிக்கு முத்தம்.

அப்பா